மாமனாரின் கோழிக்குஞ்சுப் பேப்பர்

1998 ஜூன் 9, செவ்வாய்

ஹர்த்தால், ஊரெல்லாம் கடையடைப்பு. இவருடைய லாப் பூட்டிக் கிடக்கிறது. ஆரியசாலையில் கோழி வளர்க்கிற சத்தியதாஸ், லாபுக்குப் போகவேண்டிய அடைமுட்டையை எல்லாம் நேரே ஆத்துக்கே கொண்டுவந்து இறக்கிவிட்டான். வைதீக வாத்தியார் பிள்ளை ஆத்து வாசலில், அக்கிரகாரத்தில், தட்டு தட்டாக முட்டை!

"வழியெல்லாம் அடைச்சாச்சு மாமி. இனி திருப்பிக் கொண்டுபோனா உடையும், கேட்டோ" என்றான்.

எதிராத்து வாலாம்பாள் ஜன்னலில் வந்து நின்றாள். "பரிசோதனைக்காக்கும்" என்றேன். "ஆமாமா, வெங்காயம் நறுக்கிப் போட்டுத்தானே பரிசோதிப்பா?" என்றாள். மானம் போச்சு. ஆனாலும் நல்ல பதில்.

முட்டைக்குள்ளே குஞ்சுக்கு இறக்கை எப்படி முளைக்கிறது என்று பார்ப்பதுதான் இவர் உத்தியோகம். ஓட்டைத் திறந்து பார்க்கிறவள் மாளவிகா, இவரிடம் படிக்கிற பெண். அவள் பார்த்ததைக் காதால் கேட்டுக்கொள்கிறவர் இவர்.

ஜூன் 13, சனி

சனிக்கிழமையானால் இவர் கோவிலுக்குப் போவதில்லை, லைப்ரரிக்குப் போகிறார். அங்கே தலையணை கனத்துக்கு ஒரு புஸ்தகமாம். உலகத்தில் யார் யார் இவர் பேரைச் சொல்லி எழுதியிருக்கிறார்கள் என்று அதில் எறும்பு எழுத்தில் போட்டிருக்குமாம். பூதக்கண்ணாடி வைத்துத் தேடுகிறார். அதற்குப் பேர் சைட்டேஷன். புரொபசர் ஆக்குகிற கமிட்டி இதைத்தான் எண்ணிப் பார்க்குமாம்.

"இன்னிக்கு எத்தனை பேர் உங்களைக் கூப்பிட்டா?"

"நாலு."

"அதிலே ரெண்டு நீங்களே எழுதினதுதானே?"

மோர் சாதத்தைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். இல்லாததையா சொன்னேன்? தான் பாடித் தானே கைதட்டிக்கொள்கிற பாகவதர்.

ஜூன் 24, புதன்

மாளவிகா அடுத்த வாரம் ஜெர்மனிக்குப் போகிறாள். சாப்பிடக் கூப்பிட்டிருந்தேன். குஞ்சு இறக்கையைப் பற்றி இவர் லாபிலிருந்து அச்சான ஆராய்ச்சிப் பேப்பரைத்தான் வெளிநாட்டுக்காரர்கள் எல்லாரும் தூக்கிப் பேசுகிறார்களாம்.

"மூணு வருஷம் ராப்பகலா நான் பார்த்த வேலை மாமி."

"உன் பேர் முதல்லே இருக்கோ?"

"சார் பேர் முதல்லே. நான் ரெண்டாவது. லைப்ரரியிலே சார் தேடற அந்தப் புஸ்தகத்திலே முதல் பேர் மட்டும்தான் ஏறும்."

"அவர் அதிலே என்ன பண்ணினார்?"

ரசத்தைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னாள்: "கையெழுத்துப் போட்டார் மாமி."

கூடத்தில் இவர் நியூஸ்பேப்பரை இன்னும் கொஞ்சம் உயரத் தூக்கிக்கொண்டார்.

ஜூலை 18, சனி

சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது. எழுதிவைக்காவிட்டால் தூக்கம் வராது.

இறக்கைப் பேப்பருக்கு இவர் பேரில் ஒரு சைட்டேஷன்கூட இல்லை. லைப்ரரி பகவதிப்பெருமாள்தான் கண்டுபிடித்தாராம். அந்தப் பேப்பரை அச்சுப் போட்ட அமெரிக்காக்காரன் முழுப்பேர் கேட்டானாம். இவர் பெருமையாக இனிஷியலை விரித்து "நாகேஸ்வரன் மகாலிங்கம்" என்று எழுதிக்கொடுத்திருக்கிறார். கடைசியில் இருப்பதுதான் குடும்பப்பேர் என்று அவன் எடுத்துக்கொண்டான். அத்தனை சைட்டேஷனும் மகாலிங்கம் என்கிற பேரில்!

என் மாமனார். (வாயால் இந்த ரெண்டு பேரையும் சொன்னதில்லை. எழுதினால் தோஷமில்லை.) முட்டை விற்கிற கடைப்பக்கம்கூட நடக்காத வைதீகர். செத்துப் பத்து வருஷம் கழித்துக் கோழி ஆராய்ச்சியில் கொடிகட்டிப் பறக்கிறார். திருடினவருக்கும் இல்லை, பாடுபட்டவளுக்கும் இல்லை.

செப்டம்பர் 15, செவ்வாய்

எழுதின ரெண்டு பேரும் ஒரே காகிதத்தில் கையெழுத்துப் போட்டால் பேரைத் திருத்துகிறேன் என்று அமெரிக்காக்காரன் சொல்லியிருந்தான். மாளவிகா இன்று காகிதம் அனுப்பியிருக்கிறாள். அவள் கையெழுத்துப் போட்டாச்சு. ஆனால் திருத்துகிறதே திருத்துகிறோம், வரிசையையும் திருத்தலாம் சார், என் பேர் முதலில், என்று எழுதியிருக்கிறாள். கெட்டிக்காரி.

"நன்றி கெட்ட ஜன்மம்" என்று கூடத்துக்கும் வாசலுக்குமாக நடக்கிறார்.

"யார் யாருக்கு நன்றி சொல்லணும்?"

இதில் கையெழுத்துப் போட்டால் எல்லாம் அவளுக்குப் போய்விடும். போடாவிட்டால் அப்பாவுக்கு. இவருக்கு எப்படிப் பார்த்தாலும் பூஜ்யம். காகிதத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். செத்தவர் வைத்துக்கொண்டாலும் பரவாயில்லை, அவளுக்குக் கிடைக்கக்கூடாது. இப்படி ஒரு மனுஷனுக்கு இருபத்தாறு வருஷமாகக் காபி கலந்துகொண்டிருக்கிறேன்.

அக்டோபர் 6, செவ்வாய்

கமிட்டி சொல்லியாச்சு. புரொபசர் இல்லை.

அக்டோபர் 7, புதன்

கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது. "எல்லாம் அந்தப் பெண்ணாலே" என்று சொன்னார். பாவம் போய்விட்டது. நேரே எதிராத்துக்குப் போய் வாலாம்பாளிடம் மாமனாரின் கோழி ஆராய்ச்சியைப் பற்றி விஸ்தாரமாகச் சொல்லிவிட்டு வந்தேன். அவளிடம் சொன்னால் கிழக்குக்கோட்டை வரைக்கும் தந்தி அடித்த மாதிரி.

நவம்பர் 11, புதன்

மாமனார் சிராத்தம். இவர் பூணூலை இடம் மாற்றிக்கொண்டு, கோத்திரம் சொல்லி, அப்பா பேரைச் சொன்னார். புகைக்குப் பின்னால் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

சாப்பாடு முடிந்து வெற்றிலை போடும்போது, சிராத்தம் பண்ணிவைத்த வாத்தியார் மெதுவாகக் கேட்டார்: "ஏண்டா அம்பி, உங்கப்பா அமெரிக்காவிலே கோழியைப் பத்தி என்னவோ எழுதியிருக்காராமே? தெருவெல்லாம் பேச்சா இருக்கே. தெரிஞ்சிருந்தா பிண்டத்தோட ஒரு முட்டையும் வெச்சிருப்போமே."

கூடமே சிரித்தது. இவர் முகம் செம்பருத்தி. எல்லாரும் போனபிறகு பீரோ திறக்கிற சத்தம். கையெழுத்துப் போட்ட அந்தக் காகிதத்தோடு சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"அமெரிக்காவுக்கு எத்தனை ஸ்டாம்ப் ஒட்டணும்?"

"தபாலாபீஸ்லே கேளுங்கோ. நான் படிச்சது ஏழாம் கிளாஸ்."

குடையை எடுத்துக்கொண்டு போனார். நல்ல மனசு வந்து போகவில்லை. தெரு சிரித்ததால் போகிறார். இருந்துவிட்டுப் போகட்டும், மாளவிகா பேர் முதலில் ஏறினால் சரி.

மாமனார் பேருக்கு இனிமேல் பழையபடி வருஷத்துக்கு ஒரு நாள்தான், சிராத்தத்தன்று.