ஒன்பதாம் கிணற்று எண்ணெய்

அன்பு மகனுக்கு,

இங்கே நான், அப்பா, உன் தங்கை மூன்று பேரும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், குறை எல்லாம் இந்த ஊரின் புத்தியில்தான். நீயும் அந்தக் குளிரில் சளி, இருமல் அண்டாமல் சுகமாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்து, இங்கே என் ஆபீஸான எண்ணெய்க் கழகத்தில் உன்னைத் தலைமைப் பாறை நிபுணராகக் கூப்பிட்டிருக்கிறார்கள், அந்த ஊர் வேலையை விட்டுவிட்டு ஒரேயடியாக வீட்டுக்கே வந்துவிடப் போகிறேன் என்று குதித்துக்கொண்டு சொன்னபோது நான் பேசாமல் இருந்தேன் அல்லவா, என்னம்மா லைன் சரியில்லையா என்று கேட்டாய். லைன் நன்றாகத்தான் இருந்தது, எனக்குத்தான் வாய் எழவில்லை. உன் அப்பா வேறு போனுக்குள்ளேயே காதை விட்டுக்கொண்டு பல்லெல்லாம் தெரிய நின்றார். மாசக் கடைசியில் ராஜினாமாக் கடிதம் கொடுக்கப் போவதாகச் சொன்னாய், அதற்கு முன்னால் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும் என்று விரைவுத் தபாலில் போடுகிறேன். கடைசி வரிவரைக்கும் படி. நடுவில் என்மேல் கோபம் வந்தால் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி படி.

முதலில் வீட்டுச் சேதி. அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை, வாய்தான் ஓயவில்லை. முப்பது வருஷம் பஸ் ஓட்டிய மனுஷர், தொட்டியில் எவ்வளவு டீசல் மிச்சம் என்று முள்ளைப் பார்க்காமலே சொல்லக்கூடியவர், இப்போது முடிவெட்டும் கடையில் உட்கார்ந்துகொண்டு இந்த நாட்டுப் பூமிக்கடியில் எத்தனை கோடி பீப்பாய் கிடக்கிறது என்று அளந்து விடுகிறார். எல்லாம் அந்த அறிக்கை செய்த வேலை. எண்ணெய், எரிவாயுத் துறையின் அடுத்த இருபது ஆண்டுகள் என்று வழவழத் தாளில் ஒரு புத்தகம் போட்டிருக்கிறார்கள், அட்டையில் சூரியன் உதிக்கிறது. ஐந்து வருஷத்தில் நமக்குப் போக மிச்சத்தை ஏற்றுமதி செய்யப் போகிறோமாம். அடேயப்பா! நான் அந்தப் பக்கத்தை வாசித்த அன்று சமையல் சிலிண்டருக்குச் சொல்லி மூன்று வாரம் ஆகியிருந்தது, பக்கத்து வீட்டில் அடுப்பைக் கடன் கேட்டுத்தான் சோறு வடித்தேன். பழைய வயலில் எண்ணெயோடு வருகிற வாயுவைப் பிடித்து ஊருக்குக் கொண்டுவர ஒரு குழாய் போடத் துப்பில்லை, உனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அதைக் கொளுத்தி வானத்துக்கு விட்டுக்கொண்டிருக்கிறார்கள், தினமும் அந்த நெருப்பைத் தாண்டித்தான் எங்கள் ஆபீஸ் வண்டி போகிறது. பழைய கிணறுகளில் பத்து வாளி உப்புத் தண்ணீர் இறைத்தால் ஒரு வாளி எண்ணெய். சுத்திகரிப்பு ஆலை மூன்று மாதம் ஓடினால் ஒன்பது மாதம் பழுது. இதையெல்லாம் அறிக்கையில் சில சவால்கள் உண்டு என்று ஒரே வரியில் பூசி மெழுகிவிட்டு அடுத்த பக்கத்தில் ஏற்றுமதிக்குப் போய்விட்டார்கள், வெட்கம் கெட்டவர்கள். உன் தங்கையும் எண்ணெய்த் துறை டிப்ளமோவில் சேர்ந்திருக்கிறாள், செருப்புக் கடைக்கு மேலே மாடியில் வகுப்பு, அறுபது பிள்ளைகள், துளை போடும் இயந்திரத்தை யாரும் கண்ணால் கண்டதில்லை, சுவரில் ஒட்டியிருக்கும் படத்தைப் பார்த்துப் படிக்கிறார்கள். சொல்லிக்கொடுக்கிறவர் போன வருஷம் வரைக்கும் அதே மாடியில் தட்டச்சு சொல்லிக்கொடுத்தவர். கேட்டால், வரப்போகிற வேலைக்கு ஆள் தயார் பண்ண வேண்டாமாம்மா என்கிறாள். என்னத்தைச் சொல்ல.

இந்த ஆர்ப்பாட்டம் எல்லாம் ஒன்பதாம் கிணற்றில் வந்த ஒரு வெளிச்சத்தால் என்பது உனக்குத் தெரியும். அது எப்படி மேலே போனது என்பது தெரியாது, சொல்கிறேன் கேள். துளை போடும்போது சேற்றோடு மேலே வருகிற பாறைத் துகளை பாறை மாதிரிகளைச் சேர்த்து வைக்கும் எங்கள் கிடங்குக்குத்தான் அனுப்புவார்கள். நான் சல்லடையில் போட்டுக் கழுவி, காய வைத்து, எத்தனை அடி ஆழத்தில் வந்தது என்று எழுதிச் சின்னப் பைகளில் போடுவேன், இருபத்தாறு வருஷமாகச் செய்கிறேன். பிறகு கறுப்புத் துணி கட்டிய பெட்டிக்குள் ஊதா விளக்குப் போட்டுப் பார்ப்பார்கள், எண்ணெய் பட்ட துகளாக இருந்தால் மின்னும். இரண்டு வருஷம் முன்னால் ஒன்பதாம் கிணற்றுத் துகளில் மூன்று பை மின்னியது. கீழ்த்தளத்தில் இருக்கிற சின்ன அதிகாரி ஒழுங்காகத்தான் எழுதினான், எண்ணெய் இருப்பது போல் தோன்றுகிறது என்று. முதல் மாடியில் அது எண்ணெய் தென்படுகிறது என்று ஆனது. இரண்டாம் மாடியில் எண்ணெய் இருக்கிறது. மூன்றாம் மாடியில் எங்கள் இயக்குநர், நாங்கள் மைக் என்றுதான் கூப்பிடுவோம், எந்தக் கூட்டத்திலும் அவர் கையிலிருந்து மைக்கைப் பிடுங்க முடியாது, அவர் அதை ஏராளமாக இருக்கிறது என்று ஆக்கிவிட்டார். மாடிப்படி ஏற ஏற எண்ணெய் ஊறுகிறது, பூமிக்கடியில் ஊறினால் என்ன, ஊறாவிட்டால் என்ன! இங்கே பழைய கிணறுகளில் வந்த எண்ணெய் எல்லாம் விளக்கில் தேன் நிறமாகத்தான் மின்னும், இது வெளிறின நீலமாக மின்னியது. அதைக்கூட ஒருத்தன் கேட்டான். மைக் சொன்ன பதில், நீலம்னா இன்னும் ஒசத்தி ரகம்யா, லேசான எண்ணெய், என்று. நீலமா தேனா என்று நாட்டுக்குத் தெரியக் கூடாது என்றோ என்னவோ, அறிக்கையில் அந்த மின்னுகிற துகளின் படத்தைக் கறுப்பு வெள்ளையில் அச்சடித்திருக்கிறார்கள். கூட்டுச் சேர வந்த வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் அந்தக் கிணற்றைச் சோதித்து, வெறும் உப்புத் தண்ணீர் வந்ததும் சத்தமில்லாமல் பெட்டியைக் கட்டினார்கள். அவர்கள் விட்டுப்போன சுழல் நாற்காலிகளில் இப்போது எங்கள் அதிகாரிகள் உட்கார்ந்து சுற்றிக்கொண்டே, கருவிக் கோளாறு, அடுத்த துளையில பாருங்க என்கிறார்கள். பக்கத்திலேயே பத்தாம் கிணறு தோண்டப் போகிறார்கள்.

இதுவரைக்கும் ஊரைத் திட்டியாயிற்று, இனி என்னைத் திட்ட வேண்டிய இடம். அந்த மூன்று பை கழுவிய வாரத்தில் கிடங்குக் குழாயில் இரண்டு நாள் தண்ணீர் இல்லை. சல்லடைக் கண்ணெல்லாம் சேறு இறுகி அடைத்துக்கொண்டது, வாளியில் எடுத்துவந்த தண்ணீருக்கு அது அசையவில்லை. வண்டி வண்டியாகத் துகள் வந்து குவிகிறது, மேலிருந்து ஆள் மேல் ஆள் விட்டு முடிஞ்சுதா முடிஞ்சுதா என்று உயிரை எடுக்கிறார்கள். ஜெனரேட்டர் பக்கத்தில் டீசல் தகரம் இருந்தது, பிரஷை அதில் முக்கி ஒரு தேய்ப்புத் தேய்த்தேன், சேறு பறந்தது. பிறகு தண்ணீர் விட்டு அலசினேன், போதும் என்று நினைத்துவிட்டேன். உன் அம்மாவின் கெட்டிக்காரத்தனம் அவ்வளவுதான். அன்றைக்கு அதை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை, எல்லோரும் கூடி நின்று கைதட்டியபோது நானும்தான் தட்டினேன். வெளிநாட்டுக்காரர்கள் போன பிறகு ஒருநாள் நீ போனில் எதையோ பேசும்போது, டீசல் பட்டாலும் மின்னும்மா, ஆனா அது நீலமா இருக்கும் என்று சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா. எனக்கு அந்த டீசல் தகரம் ஞாபகம் வந்தது. மறுநாள் அந்தச் சல்லடையை, துகள் எதுவும் போடாமல், பெட்டிக்குள் வைத்து விளக்கைப் போட்டேன். சல்லடை விளிம்பின் இடுக்கில் மின்னியது, அதே வெளிறின நீலம். சிரிப்பு வந்தது, பிறகு உட்கார்ந்துவிட்டேன். அந்த வழவழப் புத்தகம், அட்டைச் சூரியன், ஏற்றுமதி, உன் தங்கையின் டிப்ளமோ, அப்பாவின் கோடிக்கணக்கான பீப்பாய், எல்லாம் என் பிரஷில் ஒட்டியிருந்த டீசல். எண்ணெயாவது மண்ணாங்கட்டியாவது!

மைக்கிடம் போய்ச் சொன்னேன். சல்லடையைக் கையில் கொண்டுபோனேன், பார்க்கவில்லை. இத்தனை வருஷம் உழைச்சிருக்கீங்க, கொஞ்சம் ஓய்வெடுங்கம்மா, மனசு குழம்பினா இப்படித்தான் தோணும் என்று எனக்கே தேநீர் வரவழைத்துக் கொடுத்தார். அந்தத் தேநீரைக் குடித்தேன் பார், அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம். வாயால் சொன்னால் காற்றோடு போகும் என்று அன்றே எழுதிக் கொடுத்தேன், எந்த நாள், எந்தப் பை, எந்தத் தகரம் என்று ஒன்று விடாமல், கீழே என் கையெழுத்தோடு. பெற்றுக்கொண்டோம் என்று முத்திரை குத்தினார்கள். மறுநாள் சல்லடையைக் காணோம், பழைய இரும்போடு போய்விட்டதாம். எனக்கும் மாற்றல், இப்போது ஆவண அறையில் கிழிந்த கோப்புகளுக்குப் பசை தடவுகிறேன். அப்பாவிடம் சொன்னேன், முதலில் நம்பவில்லை, பிறகு, உனக்கு எதுக்கு இந்த வேலை, நாடே சந்தோஷமா இருக்கு, பையனும் வரான், வாயை மூடிக்கிட்டு இருக்கக் கூடாதா என்று இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. தங்கை மட்டும், அப்போ நான் படிக்கிறது என்று கேட்டாள், நான் பாத்திரம் கழுவப் போய்விட்டேன். அவளுக்குச் செய்தது என் நெஞ்சைவிட்டுப் போகவில்லை.

இனி உன் விஷயம். நான் எழுதிக் கொடுத்த பத்தாம் நாள் உனக்கு அழைப்பு வந்திருக்கிறது, தேதியை எடுத்துப் பார். உன் படிப்புக்காகக் கூப்பிட்டார்கள் என்று நீ பூரித்துப் போயிருக்கிறாய், உன் படிப்பு பெரியதுதான், யார் இல்லை என்றது, ஆனால் மூன்று வருஷமாக நீ விண்ணப்பம் போட்டபோதெல்லாம் ஒரு வரி பதில் போடாதவர்களுக்குத் திடீரென்று உன் அருமை தெரிந்துவிட்டதாக்கும்? போன புதன்கிழமை மூன்றாம் மாடித் தட்டச்சுக்காரி ஆவண அறைக்குப் பசை கேட்கிற மாதிரி வந்து, அக்கா, இதைப் பாத்துட்டு உடனே குடுத்துடுங்க என்று ஒரு தாளை நீட்டினாள். சான்று ஒன்று, ஏற்கெனவே அடித்து வைத்தாயிற்று. ஒன்பதாம் கிணற்றுத் துகளை நேரில் பரிசோதித்தேன், கலப்பு எதுவும் இல்லை, எண்ணெய்தான் என்று முதல் பத்தி. இரண்டாம் பத்தியை அப்படியே எழுதுகிறேன், மூன்று முறை படித்ததில் மனப்பாடமாகிவிட்டது. முன்னாள் கிடங்குப் பொறுப்பாளர் அளித்த வாக்குமூலம், முதுமை காரணமாக அவருக்குச் சில காலமாக ஏற்பட்டுவரும் நினைவுத் தடுமாற்றத்தின் விளைவே என்பதை அவருடைய மகன் என்ற முறையிலும் உறுதிப்படுத்துகிறேன். தேதிக்கு இடம் விட்டிருக்கிறார்கள், கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறார்கள், பெயர் மட்டும் உன்னுடையது. உன் பெயரில் ஓர் எழுத்துப் பிழை. நான் திருத்தச் சொல்லவில்லை.

நீ வீட்டுக்கு வர வேண்டும் என்று எனக்கு ஆசை இல்லை என்று நினைத்துவிடாதே. நீ போனதிலிருந்து கடையில் எதை வாங்கினாலும் நாலு பேருக்கு வாங்கித் தொலைக்கிறேன். லீவு போட்டு வா, பத்து நாள் இரு, ஒரு மாதம் இரு, யார் வேண்டாம் என்றது. அந்த வேலைக்கு வராதே. இல்லை, அம்மாதான் ஏதோ உளறுகிறாள் என்று உனக்கும் பட்டால், அங்கேயே உட்கார்ந்து உன் மனசைக் கேட்டு முடிவு செய், அழைப்பாணையில் அந்தச் சான்று பற்றி ஒரு வார்த்தை இருக்காது, முதல் நாள் காலையில் மேஜையில் வைத்து நீட்டுவார்கள், சுற்றிலும் பத்துப் பேர் சிரித்துக்கொண்டு நிற்பார்கள், அப்போது மாட்டேன் என்று சொல்வது சுலபமில்லை. இது தெரியாமல் நீ வந்து நிற்கக் கூடாது என்றுதான் இவ்வளவும் எழுதினேன். நான் ஒரு தப்புச் செய்தேன், ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். என் தலை தெளிவாகத்தான் இருக்கிறது.

தீர்க்காயுசாக, நோய் நொடி இல்லாமல், நாலு பேர் மதிக்க நன்றாக இரு. பதில் எழுதினால் ஆபீஸ் முகவரிக்குப் போடாதே, அங்கே என் தபாலைப் பிரிக்கிறார்கள், வீட்டுக்கே போடு. அந்தக் குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ. நீ அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாலும் இந்த வீட்டில் உனக்குத் தட்டு வைப்பேன், சோறு போடுவேன். போடும்போது உன் முகத்தைப் பார்ப்பேனா என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

புத்தி தெளிவாக உள்ள
உன் அம்மா