பாதித் தட்டு காய்கறி

என் பிரியமானவளுக்கு,

நீ உன் அக்கா வீட்டுக்குப் போய் ஏழு மாதமாகிறது. என் சர்க்கரை நோய்க்காக நீ எழுதிவைத்த சாப்பாட்டுப் பட்டியலை அன்று கிழித்துப் போட்டேன். இப்போது மருத்துவமனையில் அதே மாதிரி ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள். பாதித் தட்டு காய்கறி, கால் தட்டு சோறு, கால் தட்டு பருப்போ மீனோ. பேருந்து ஓட்டப் போகுமுன் நானே சமைக்கிறேன். பீன்ஸுக்கு நார்கூட எடுக்கிறேன், சிரிக்காதே. ருசி பார்க்கத்தான் ஆளில்லை.

நேற்று உணவு ஆலோசகரம்மா, "சுகர் நல்லா குறைஞ்சிருக்கே! வீட்ல யார் சமைக்கிறாங்க?" என்று கேட்டார்.

"என் வீட்டுக்காரிதான்" என்று சொல்லிவிட்டேன்.

"அப்போ அடுத்த தடவை அவங்களையும் கூட்டிட்டு வாங்க."

"சரிங்க" என்றேன்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார். என்னைப் பொய்யனாக்கிவிடாதே.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்