கடலைப் பார்த்து ஆய்ந்த மாங்காய்

நேற்றுக் காலை காங்கேசன்துறைப் பயணிகள் மண்டபத்தில் மாம்பழ வாசனை. நாகப்பட்டினம் போகும் கப்பலுக்கு வரிசையில் நின்ற ஒரு அம்மா பையைத் திறந்து காட்டினார். சீலைகளுக்கு நடுவே, கடதாசியில் சுற்றிய கறுத்தக்கொழும்பான் மாம்பழங்கள்.

"பழம் கொண்டுபோகேலாது அம்மா. அங்காலை இறங்கினவுடனை எடுத்துப்போடுவினம்," என்றார் அதிகாரி. கடுமையாகச் சொல்லவில்லை.

"மகளுக்கு ஆசை எண்டு கொண்டுவந்தன் தம்பி," என்று பழங்களை மேசையில் வைத்துவிட்டு அவர் நகர்ந்தார். செய்திக்காக எத்தனையோ முறை அந்த மண்டபத்தில் நின்றிருக்கிறேன். நேற்று நிற்க முடியவில்லை. உன் நினைவோடு வெளியே வந்து கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தெல்லிப்பழைப் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள் நாம். நான் செய்தியாளன் ஆனேன். நீ உன் ஊர் விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கத்துக்குச் செயலாளர் ஆனாய். தெற்காசிய நாடுகள் தங்களுக்குள் வணிகம் செய்து முன்னேறுவது பற்றிக் கொழும்பில் மாநாடு நடந்தால் என்னைத்தான் அனுப்புவார்கள். திரும்பி வந்து பஸ்ஸால் இறங்கும்போது நீ சைக்கிளோடு நிற்பாய்.

"என்ன நிருபர், உவை என்ன கதைச்சவை?"

"அயல்நாடுகளுக்குள்ளை யாவாரம் கூடவேணும் எண்டு."

"நல்லது. மத்தியானம் என்ன பழம் வைச்சவை?"

"அப்பிள்."

"எந்த ஊர் அப்பிள்?"

பழத்தில் ஒட்டியிருந்த நாட்டின் பெயரைச் சொன்னேன். உலகத்தின் மற்றப் பக்கம். நீ சைக்கிளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "அயலட்டை முழுக்கக் கூப்பிட்டு வைச்சு, அயலட்டைப் பழம் ஒண்டும் வைக்கேல்லை. எழுதினியே இதை?"

"இல்லை."

"அதுதானே மச்சான் செய்தி."

போர் முடிந்து சில ஆண்டுகளில், நாகப்பட்டினத்துப் பழ வியாபாரி ஒருவர் உன் வீட்டுக்கு வந்தார். கறுத்தக்கொழும்பான் சாப்பிட்டுவிட்டு, மாதிரிக்குச் சில பெட்டிகள் அனுப்பச் சொன்னார். பிடித்துப்போனால் ஒவ்வொரு பருவமும் எடுப்பதாகவும் சொன்னார். அப்போது கப்பல் ஓடவில்லை. நாலைந்து மணிநேரத்தில் கடக்கக்கூடிய கடல் கண்ணுக்கு நேரே கிடந்தது. ஆனால் பெட்டிகள் லொறியில் கொழும்புக்குப் போய், பயிர்நோய் இல்லை என்ற சான்றிதழ் பெற்று, விமானத்தில் சென்னைக்குப் பறந்து, அங்கிருந்து தெருவழியே தெற்கே இறங்க வேண்டியிருந்தது.

கொழும்புக்கு அனுப்பும் மாங்காயை எந்தப் பருவத்தில் மரத்திலிருந்து ஆய வேண்டும் என்பது உங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். நன்றாகப் பச்சையாக இருக்கும்போதே ஆய்ந்துவிடுவார்கள். நீ அன்றைக்குக் காம்படியில் மஞ்சள் கண்ட காய்களாகப் பார்த்து ஆய்ந்து, வைக்கோல் வைத்து அடுக்கி அனுப்பினாய். சான்றிதழ் தாமதமானது. கொழும்பில் ஒரு களஞ்சியத்துக்குள் பழங்கள் கனிந்து ஒழுகிப் போயின.

"ஏன்ரா உவ்வளவு முத்தலிலை ஆஞ்சனீ?" என்று கேட்டேன்.

"கொழும்பை மறந்துபோனன். கடலைப் பாத்துக்கொண்டு ஆஞ்சிட்டன் மச்சான்."

பிறகு, "கறுத்தக்கொழும்பான் எண்டு பேரை வைச்சால் அது கொழும்பிலைதானே நிக்கும்," என்று பகிடி விட்டாய். நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. அந்த வியாபாரி பிறகு உன்னைக் கூப்பிடவே இல்லை.

அடுத்த பொதுக்கூட்டத்தில், நாகப்பட்டினத்துக்குச் சரக்குக் கப்பல் விடவேண்டும் என்று அரசாங்கத்தைக் கேட்கும் தீர்மானத்தைக் கொண்டுவந்தாய். நான் பின்வரிசையில் இருந்தேன். வெங்காயத் தோட்டம் செய்யும் தங்கராசா அண்ணை எழும்பினார்.

"செயலாளர், கப்பல் வந்தால் உம்மடை மாம்பழம் போகும். திரும்பி வரேக்கை அதிலை என்ன வரும்? வெங்காயம். நாங்கள் கிண்டி எடுக்கிற நேரம் பாத்து வந்து இறங்கும். பிறகு நாங்கள் தோட்டத்தை விட்டிட்டுக் கப்பல் பாக்கப் போறதே?"

கூட்டம் சிரித்தது.

"அது இப்பவும் கொழும்பாலை வருதுதானே அண்ணை. வாறதுக்கு எப்பவும் வழி இருக்கு. எங்கடை சாமான் போறதுக்குத்தான் வழியில்லை. கிண்டுற காலத்திலை வரி போடச் சொல்லிக் கேப்பம். கப்பலையும் கேப்பம்."

"ரெண்டு கேட்டால் ஒண்டுதான் தருவாங்கள். அது எது எண்டு எனக்குத் தெரியும்," என்றுவிட்டு அண்ணை இருந்தார்.

தீர்மானம் தோற்றது. அடுத்த நிர்வாகத் தெரிவில் உன் செயலாளர் பதவியும் போனது. "அந்தாள் சொன்னதும் பிழையில்லை," என்று வழியில் நீயே சொன்னாய். அன்றைக்கு நீ சைக்கிளில் ஏறவில்லை. வீடுவரை உருட்டிக்கொண்டே நடந்தாய்.

தெல்லிப்பழை ஆசுபத்திரியில் உன்னைக் கடைசியாகப் பார்த்தபோது, கப்பல் விடப்போகிறார்களாம் என்று சொன்னேன். கண்ணைத் திறந்தாய்.

"ஆக்கள் எத்தினை பேர் வந்தவை எண்டு எல்லாரும் எழுதுவினம். நீ, இஞ்சையிருந்து என்ன ஏத்தினவை எண்டு எழுது."

"ஏத்தாட்டி?"

"ஏத்தேல்லை எண்டு எழுது."

கப்பல் வருவதற்கு முந்திய மாம்பழப் பருவத்தில் நீ போய்விட்டாய்.

இப்போது கப்பல் வருகிறது, கடல் குழம்பினால் நிற்கிறது, பிறகும் வருகிறது. நாகூருக்கும் வேளாங்கண்ணிக்கும் போகிறவர்கள், கலியாணச் சீலை எடுக்கப் போகிறவர்கள், முப்பது நாற்பது வருடம் காணாத சகோதரத்தைப் பார்க்கப் போகிறவர்கள். அந்த முகங்களைப் பார்த்தால் நீயும் சந்தோசப்பட்டிருப்பாய். தங்கராசா அண்ணை இன்னும் வெங்காயம் செய்கிறார். கிண்டுகிற காலத்தில் வெளிநாட்டு வெங்காயம் இன்னும் கொழும்பால் வந்து இறங்குகிறது. கூட்டத்தில் நீங்கள் இருவரும் ஆளுக்குப் பாதி சரியாகச் சொன்னதாகத்தான் எனக்குப் படுகிறது. இதை உன்னிடம் சொல்லிச் சண்டைபிடிக்க வேண்டும் போலிருக்கிறது.

மாநாடுகளுக்கு இப்போதும் போகிறேன். திரும்பி வந்து பஸ்ஸால் இறங்கியதும் சுற்றிப் பார்க்கும் பழக்கம் போகவில்லை. கேள்வி கேட்க ஆளில்லாமல் ஒரு மாநாட்டை வீட்டுக்குக் கொண்டுபோவது பாரமாக இருக்கிறது.

கப்பலைப் பற்றி எழுதும் ஒவ்வொரு செய்தியும் என்னிடம் ஒரே வசனத்தோடுதான் முடிகிறது: இங்கிருந்து ஏற்றுமதிப் பொருள் எதுவும் ஏற்றப்படவில்லை. இடம் போதாவிட்டால் உதவி ஆசிரியர் முதலில் அதைத்தான் வெட்டப் பார்ப்பார்.

"ஐயா, இது போனமுறையும் வந்ததுதானே."

"போனமுறையும் ஏத்தேல்லைத்தானே தம்பி."

துறைமுகத்தில் விசாரிக்காமல் அதை நான் ஒருபோதும் எழுதியதில்லை. ஒவ்வொரு முறையும் போய்க் கேட்கிறேன். இல்லை என்று சொன்ன பிறகே எழுதுகிறேன். ஒருநாள் வேறு பதில் வரக்கூடும். அன்றைக்குச் செய்தியை அனுப்பிவிட்டு யாருக்குப் போன் எடுப்பேன் என்றுதான் தெரியவில்லை.