மடங்க மறுக்கும் முழங்கால்

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதிக்கொள்வது. நீ சுகமா? அத்தானின் இருமல் விட்டதா?

நானும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். உட்கார முடிந்தால்தானே! இந்த நாலு வரிக்குள் ஊன்றுகோலை இடுக்கிக்கொண்டு மூன்று தடவை ஜன்னலுக்குப் போய்வந்துவிட்டேன்.

கால் பிசகிவிட்டது என்று போனில் சொன்னேன் அல்லவா, அது பொய். முழங்கால் இடம் விலகி, நான்கு ஜவ்வில் மூன்று அறுந்துவிட்டன. காலுக்கு ரத்தம் ஓடுகிறதா என்றுதான் டாக்டர் முதலில் பார்த்தார். நல்லவேளை, ஓடியது. உடனே ஒரு ஆபரேஷன், வீக்கம் வற்றியதும் இன்னொன்று. இப்போது பிரேஸ் போட்டுக்கொண்டு மெல்ல நடக்கிறேன். பிசியோதெரபிப் பெண் ஈவிரக்கம் இல்லாதவள். "இன்னும் கொஞ்சம்க்கா, இன்னும் கொஞ்சம்" என்றே உயிரை வாங்குகிறாள். நேற்று தொண்ணூறு டிகிரி மடங்கியது. அவள் கைதட்டினாள், நான் அழுதேன்.

வலியைத் தாங்கிக்கொள்வேன் அக்கா. தாங்க முடியாதது வேறு.

அன்று கண்டக்டர் டியூட்டியில், ஒரு அம்மாளின் மூட்டையை ஏற்றிவிட பஸ்ஸிலிருந்து இறங்கினேன். நேரமாகிவிட்ட அவசரத்தில், ஒரு கால் படியிலும் ஒரு கால் தரையிலுமாக நின்றபடியே கயிற்றை இழுத்து மணியடித்துவிட்டேன். டிரைவர் அண்ணன் வண்டியை எடுத்தார்; தரையில் இருந்த கால் முறுக்கிக்கொள்ள, விழுந்தேன். ஒன்பது வருடமாக என் மணியை நம்பியே வண்டி எடுப்பவர்.

விசாரணைக்கு ஆஸ்பத்திரிக்கு வந்த அதிகாரி, மணி அடித்தாயா என்று கேட்டார். ஞாபகமில்லை என்றேன். வேலை போய்விடுமோ என்ற பயம். மணி கேட்டதாக அண்ணன் சொன்னதை ஒருவரும் நம்பவில்லை. அவரைப் பணிமனையில் வண்டி கழுவ விட்டுவிட்டார்கள்.

போன செவ்வாய்க்கிழமை என்னைப் பார்க்க வந்தார். கோபமாகப் பேசியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். "கால் எப்படிம்மா இருக்கு?" என்றார். பிறகு, "மணி கேட்டுச்சுன்னுதான் நெனச்சேன். இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு" என்றார். தன் காதையே நம்பாதபடி அந்த மனிதரை ஆக்கிவிட்டேன். அப்போதும் என் வாய் திறக்கவில்லை.

மறுநாள் காலை, இவரிடம்கூடச் சொல்லாமல் ஆட்டோ பிடித்து அலுவலகம் போனேன். இருபத்திரண்டு படி. ஒவ்வொன்றிலும் நின்று நின்று ஏறி, மணியடித்தது நான்தான் என்று என் கைப்பட எழுதிக் கொடுத்தேன். விசாரித்துச் சொல்கிறோம் என்றார்கள். அங்கிருந்து நேராகப் பணிமனை. அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தண்ணீர்க் குழாயை மூடினார். ஒரு ஸ்டூலை இழுத்து என் பக்கம் போட்டார். பிறகு உள்ளே போய்விட்டார்.

அதோடு ஆறு நாள் ஆகிறது. வாசலில் காலடிச் சத்தம் கேட்டால், அண்ணனோ என்று எழுந்துவிடுகிறேன்.

என் காலுக்காக நீ வேண்டிக்கொள்ள வேண்டாம். அது என்றைக்காவது மடங்கிக்கொள்ளும். அந்த அண்ணன் மறுபடி ஸ்டியரிங் பிடிக்க வேண்டும் என்று வேண்டிக்கொள். எனக்கு, திட்டியாவது இரண்டு வரி எழுதிப் போடு அக்கா.

உன் ஒரு சொல்லுக்கு ஏங்கும்,
குருவி