மாமா ஏற்றிய கண்ணாடி

அன்பு மகளுக்கு, அப்பா சொல்லச் சொல்லப் பக்கத்து வீட்டு டீச்சரம்மா எழுதுவது. நீ நல்லபடியாக இருக்கிறாய் என்று தெரிந்தால் நாங்களும் நல்லபடியாக இருக்கிறோம் என்று வைத்துக்கொள். உன் அம்மா நேற்றிலிருந்துதான் ஒழுங்காகச் சாப்பிடுகிறாள். நீ போனில் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டாய், ஒரு நாள் பயிற்சிதானேப்பா என்று. வீடு இல்லாதவர்களுக்கு வைத்தியம் பார்க்கப் போகிற நர்ஸ் பிள்ளைகள் ஒரு பகல் முழுக்க அவர்களோடு நடைபாதையில் உட்கார வேண்டும், போனையும் பர்ஸையும் காலேஜில் வாங்கி வைத்துக்கொள்வார்கள், எல்லாம் சரி, அதை முந்தின நாளே சொன்னால் வாயிலிருக்கிற முத்து உதிர்ந்துவிடுமா?

வேலை நடக்கிற வீட்டில் நான் ஜன்னல் கம்பிக்குப் பச்சை பெயிண்ட் அடித்துக்கொண்டிருக்கிறேன், உன் லாரிக்கார மாமன் வந்து ஏணிக்குக் கீழே நிற்கிறான். வாயைத் திறந்தால் ஹாரன் மாதிரி கேட்கிற ஆள், அன்றைக்குக் குரலே எழும்பவில்லை. பாப்பா ரோட்டுல உக்காந்திருக்கு மாமா, அக்காகிட்ட எப்பிடிச் சொல்றதுன்னு தெரியல என்கிறான். முகத்தைச் சரியாகப் பார்த்தாயா என்றால், ஓரம் தீய்ந்த நீலச் சால்வை என்கிறான். அதற்குமேல் எனக்கு என்ன சாட்சி வேண்டும்? காலேஜ் இன்டர்வியூவுக்குக் கிளம்பும்போது அயர்ன் பாக்ஸை அதன் மேலேயே வைத்துவிட்டு நீ ஹேர்பின் தேடப் போனாய், அந்தத் தீய்ந்த வாடை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. பிரஷ் தவறிப் பெயிண்டெல்லாம் கண்ணாடியில். கண்ணாடிக்கும் சேத்தா அடிக்கச் சொன்னாங்க பெரியவரேன்னு மேஸ்திரி கேட்கிறார். வீட்டுக்கு ஓடி வந்து சொன்னதும் உன் அம்மா, படிப்பு போச்சு, யாரோ ஏமாத்திட்டாங்க என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். போன் போட்டால் அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்று ஒரு பொம்பளை திரும்பத் திரும்பச் சொல்கிறாள். பொழுது சாய்ந்து நீ கூப்பிடுகிறவரைக்கும் எங்களுக்கு உயிர் எங்கே இருந்தது என்று தெரியாது.

நீ கடைசியில் ஒன்று சொன்னாயே, அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. சிக்னல்ல மாமாவைப் பாத்தேம்பா, கூப்பிட வாய் வரலைன்னு. உன் மாமனும் அதையே சொன்னான், பக்கத்துல லோடுமேன் இருந்தான் மாமா, கண்ணாடியை ஏத்திட்டேன் என்று. ஒரு பகல் உட்கார்ந்த உனக்கே சொந்த மாமனைக் கூப்பிட நாக்கு எழவில்லை என்றால், வருஷக்கணக்காக உட்கார்ந்திருப்பவர்கள் நடுவில் தினமும் போகப் போகிறாயே, உன் மனசு என்ன ஆகும் என்றுதான் பயம். டீச்சரம்மா, பயம் என்று இத்தனை தடவை வேண்டாமே என்கிறார். எனக்கு இருக்கிற அளவுக்கு எழுதுங்கம்மா என்றேன். நாய் கடிக்கும், குடித்தவன் அடிப்பான், புண் ஒட்டிக்கொள்ளும். கையுறை போடாமல் யாரையும் தொடாதே. பாலத்தடிக்கு மருத்துவ வண்டியோடு போ, தனியாக நடக்காதே.

உன் அம்மா முதலில் மூட்டை கட்டிக்கொண்டு வரச் சொல் என்றுதான் நின்றாள். தான் உட்கார்ந்திருந்த அட்டையில் பாதியைக் கிழித்து உனக்குப் போட்ட கிழவரைப் பற்றி நீ சொன்ன பிறகு அந்தப் பேச்சை விட்டுவிட்டாள். இன்று காலையில் பார்த்தால் இரண்டு போர்வை மடித்து வைத்திருக்கிறாள். ஒன்று யாருக்கு என்று நான் கேட்கவில்லை. உன் மாமன் அடுத்த லோடுக்குப் போர்வைகளையும் எடுத்துக்கொண்டு அதே வழியாக வருகிறான், இந்தத் தடவை லாரியை ஓரம்கட்டி இறங்கி வருவானாம். நீ யாருக்காவது கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாலும் சரி, தலையைக் குனியாதே. மாமா என்று நீ முதலில் கூப்பிடு, அவனுக்கும் அந்த ஒரு சத்தம் வேண்டியிருக்கிறது. கிழவரிடமும் கூட்டிப்போ.

நீ தொடுகிற புண்ணெல்லாம் ஆறட்டும், உனக்கு ஒன்றும் வராமல் இருக்கட்டும். வேலைக்குப் போகிற முதல் நாள் மறக்காமல் போன் போடு, அணைத்து வைக்காதே.

இப்படிக்கு,
உன் அப்பாவின் பெருவிரல். ஜன்னல் வேலை இன்னும் முடியவில்லை, ரேகை பச்சையாகத்தான் விழும்.