மிச்சம் வைக்காத சின்னப்பாப்பா

அக்டோபர் 3, வெள்ளி

மழை வருவதுபோல் பாவனை காட்டிவிட்டு மூலக்குளத்தைத் தாண்டிப் போய்விட்டது. கொடியில் காய்ந்ததையெல்லாம் அள்ளி உள்ளே போட்டது வீண்.

பதினெட்டாம் தேதி ஆயாவுக்கு முதலாண்டு நினைவுத் திருப்பலி. பூசை முடிவில் குடும்பத்தில் ஒருவர் ஐந்து நிமிடம் பேசலாம் என்று ஃபாதர் சொல்லியிருக்கிறார். ஒருவர்தான். என்னைத் தவிர யார்? பங்குக் கோயில் மாத இதழில் பதினாறு வருஷமாகக் கடைசிப் பக்க நகைச்சுவை என்னுடையது. யாரும் படிப்பதில்லை என்பார் என் வீட்டுக்காரர் ரெக்ஸ். அவர் சொல்வதையெல்லாம் காதில் போட்டுக்கொண்டால் எழுத முடியுமா?

பேச்சை எப்போதோ எழுதி முடித்தாயிற்று. நடுவில் அழுவதற்குக்கூட ஓர் இடம் விட்டு வைத்திருக்கிறேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

சாரம் ஏரியாவில் கிறிஸ்துதாஸ் சித்தப்பா வீட்டில் மத்தியானச் சாப்பாடு. வஞ்சிரம் வறுவலைக் கடித்துக்கொண்டே குண்டைப் போட்டார்.

"இந்தத் தடவை ஹேமலதாவைப் பேசச் சொல்லலாம்னு இருக்கேன் ஸ்டெல்லா."

"எந்த ஹேமலதா?" தெரியாதவள்போல் கேட்டேன். போன வருஷம் அடக்கத்தன்று என்னைவிட இரண்டு கட்டை மேலே அழுதவளைத் தெரியாதா?

"ஆயா வேலை பார்த்த வூட்டுப் பொண்ணும்மா. அதோட அம்மா பதினோரு வருஷம் படுத்த படுக்கை. ஆயா என்ன பாடு பட்டாங்கன்னு அதுக்குத்தான் தெரியும்."

"அது நம்ம குடும்பமா சித்தப்பா?"

"ஆயான்னுதானே கூப்புடுது?"

இந்த ஊரில் அப்பாவைப் பெற்றவளும் ஆயா, ஆஸ்பத்திரியில் மலச்சட்டி எடுப்பவளும் ஆயா. எனக்கு அது உறவு, அவளுக்கு அது வேலை. இந்த நியாயம் வஞ்சிரத்துக்கு முன்னால் எடுபடவில்லை. மீன் யார் கொண்டுவந்து கொடுத்தது? ஹேமலதாவேதான்.

ஆனாலும் நான் மூஞ்சியைத் தூக்கியதும் சித்தப்பா இறங்கி வந்தார். "சரி, நீயே பேசு. அழுவாத."

அழவில்லை. மிளகாய்.

அக்டோபர் 6, திங்கள்

ஐம்பத்தொரு வயது. முட்டி இரண்டும் போச்சு. பொறாமை மட்டும் ஏழு வயதிலேயே நிற்கிறதே, எப்படி?

அக்டோபர் 8, புதன்

எனக்கு ஒரு வயதாகும்போது அம்மா செத்துப்போனாள். ஏம்பலத்தில் ஆயாதான் வளர்த்தாள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வளர்த்தாளா? திங்கள் விடிந்ததும் பஸ் ஏறிவிடுவாள். குருசுக்குப்பத்து மீன் வியாபாரி வீட்டில் படுத்துக் கிடந்த அவர் மனைவியையும் மகளையும் பார்த்துக்கொள்ள. சனி சாயங்காலம்தான் முகத்தைக் காட்டுவாள். ஞாயிறு பூசை, பிறகு கருணைக்கிழங்கு மசியல். நாக்கு அரிக்கிறது என்று தட்டைத் தள்ளினால் போதும் —

"டவுன்ல ஒரு சின்னப்பாப்பா இருக்குது. இதே கெழங்குதான். தட்டுல துளி மிச்சம் வெக்காது. நீயும் இருக்கியே!"

அந்தச் சின்னப்பாப்பாவை மனதுக்குள் எத்தனை தடவை கொன்றிருக்கிறேன்! பாவசங்கீர்த்தனத்தில் ஃபாதரிடம் சொன்னதேயில்லை. முகம் தெரியாதவளைக் கொன்றால் பாவமா என்ன?

அக்டோபர் 10, வெள்ளி

பேச்சை எடுத்து வாசித்தேன். ஞாயிறு, ஞாயிறு, ஞாயிறு. ஒரு செவ்வாய்கூட இல்லை. ஆயா அந்த வீட்டில் என்ன செய்தாள்? எப்போது சாப்பிட்டாள், எங்கே படுத்தாள்? எழுத ஒரு வரி இல்லை. இந்த லட்சணத்தில் நான்தான் சொந்தப் பேத்தி.

நாளைக்கு ஹேமலதா வீட்டுக்குப் போகிறேன். நோட்டையும் பேனாவையும் பையில் வைத்தபடி, மரியாதைக்காக என்று ரெக்ஸிடம் சொன்னேன். "மரியாதைக்கு நோட்டு எதுக்கு?" என்றார்.

அக்டோபர் 11, சனி

"வாக்கா வாக்கா" என்று கையைப் பிடித்து இழுத்துப்போய் உட்காரவைத்து இலை போட்டாள். முதலில் வைத்தது எது? கருணைக்கிழங்கு மசியல்.

புரிந்துவிட்டது. போட்டி.

வழித்துத் தின்றேன். அவளும் எதிரில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டே தின்றாள். இருவருமே தண்ணீரைத் தொடவில்லை.

"இன்னும் கொஞ்சம் வெக்கட்டா?"

"வை." (பிசாசு!)

தனக்கும் வைத்துக்கொண்டாள். என் நாக்கில் எறும்பு ஊர்கிறது. அவள் கண்ணில் நீர்.

"எப்பிடிக்கா இதப்போயி உனுக்குப் புடிக்குது?"

"எனக்கா? உனக்குத்தானே உசுரு!"

"யாரு சொன்னா?"

"ஆயா."

கையை உதறிக்கொண்டு அப்படியே பின்னால் சாய்ந்துவிட்டாள். "அடக் கடவுளே! என்னாண்ட சொன்னது வேறக்கா. ஏம்பலத்துல ஒரு சின்னப்பாப்பா இருக்குது, தட்டுல துளி மிச்சம் வெக்காது, நீயும் இருக்கியேன்னு! உன்ன எத்தினி தபா மனசுக்குள்ள கடல்ல தள்ளிவுட்டிருக்கேன் தெரியுமா?"

இரண்டு கிழவிகளும் ஒரு சொம்பைப் பிடுங்கித் தண்ணீர் குடித்தோம்.

பிறகு சொன்னாள். அம்மாவை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் புரட்டிப் போட்டுப் போட்டுப் பதினோரு வருஷமும் முதுகில் ஒரு புண் வரவிடவில்லையாம். ஆயாவுக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாது, ஜெபத்தை எண்ணித்தான் நேரம். முட்டிக்கு ஒத்தடம் என்றால் பத்து அருள்நிறைந்த மரியே. இடுப்புக்கு இருபது.

"சொந்தப் பாட்டிங்க ரெண்டு பேரையும் பாட்டின்னுதான் கூப்புடுவேன். ஆயான்னா எனக்கு இவங்க ஒர்த்தர்தான். ஆனா ஒண்ணுக்கா, ஆறு நாளும் இங்கதான் இருந்தாங்க. ஒரு நாளாவது உன் பேச்சு இல்லாம எனக்குச் சோறு ஊட்டுனாங்களா?"

நோட்டில் ஒன்றும் எழுதிக்கொள்ளவில்லை.

அக்டோபர் 18, சனி

பூசை முடிவில், எனக்குக் கிடைத்த ஞாயிற்றுக்கிழமைகளின் ஆயாவைப் பற்றி இரண்டு நிமிடம் பேசினேன். சிரித்தார்கள். "மீதி ஆறு நாள் இவளிடம் இருக்கிறது" என்று ஹேமலதாவைக் கூப்பிட்டேன். முன்னாலேயே சொல்லவில்லை, பதறி எழுந்து வந்தாள்.

ஒத்தடத்தைச் சொன்னாள். எப்படி என்று காட்டுகிறேன் என்று மைக்கை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறுகையால் காற்றில் ஒத்தடம் கொடுத்தபடியே அருள்நிறைந்த மரியேயைத் தடங்கலில்லாமல் சொன்னாள். இரண்டாவது தடவை கோயிலே சேர்ந்து சொன்னது. சித்தப்பா மூக்கைச் சிந்தினார்.

நான் அழ விட்டு வைத்த இடம் வரவே இல்லை. அதற்கு முன்பே அழுதுவிட்டேன்.

வெளியே எல்லோரும் அவள் கையைத்தான் பிடித்துக்கொண்டார்கள். எரிகிறது. கொஞ்சம்தான்.

அக்டோபர் 19, ஞாயிறு

காலையில் நானே போன் போட்டேன்.

"சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்க்கா. நீ?"

"உனக்கு முன்னாடியே. தட்டுல துளி மிச்சமில்ல."

பொய். இட்லி இன்னும் வேகவே இல்லை.