கோபுரம் பார்க்காத கோப்பை

அன்புள்ள அத்தான்,

ராஜகோபுரத்தின் மேல் ஆணையாக, யாருமே நம்பாத ஒரு கதையை உங்களுக்குச் சொல்லப்போகிறேன். உயிரோடு இருந்த காலத்தில் என் பேச்சைப் பாதியில் விட்டு எழுந்து போவீர்கள். இப்போது எங்கே போவீர்கள்? கேளுங்கள்.

நீங்கள் ஸ்ரீரங்கத்து வீட்டில் கட்டிய பாத்ரூமை உடைத்துவிட்டோம்.

எந்த ராஜாவும் கட்டாத பாத்ரூம் அது. சோப்பு உள்ளே இருந்தால் ஆள் வெளியே நிற்க வேண்டும். தரையில் வாட்டம் சரியில்லாததால் காவிரி வற்றினாலும் அங்கே தண்ணீர் வற்றாது. முக்கொம்பில் மதகு திறக்கிறவர்களே நம் வீட்டை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்வார்கள்.

அப்புறம் உங்கள் கழிப்பறைக் கோப்பை. வடக்கே கோபுரம், அதற்கு முகமும் காட்டக் கூடாது, முதுகும் காட்டக் கூடாது என்றீர்கள். கிழக்கே சூரியன். மேற்கே ஜீயபுரத்தில் உங்கள் மாமியார், அதாவது என் அம்மா. கடைசியில் மூலையைப் பார்த்துக் குறுக்காக வைத்தீர்கள். உட்கார்ந்தால் முழங்கால் வாஷ்பேசினில் இடிக்கும். அந்தச் சத்தம் சமயபுரம் வரை கேட்கும்.

சிரித்துக்கொண்டுதான் இருந்தோம், போன மழைக்காலத்தில் அக்கா அங்கே வழுக்கி விழும்வரை. எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கதவைத் தாழ்போடும் தைரியம் போய்விட்டது. ஒருக்களித்து வைத்துவிட்டுத்தான் குளிப்பாள். பக்கத்து வீட்டுப் பெண் வெளியே நின்று, "அக்கா, இருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். உங்களிடம்கூட உதவி கேட்காதவள், அத்தான்.

உங்கள் மகள் கவிதா பெங்களூரிலிருந்து போனில் சொல்லிவிட்டாள்: "மாமா, அம்மாவால தனியா பாத்ரூம் போக முடியலைன்னா இங்க கூட்டிட்டு வந்துடறேன். வீட்டைப் பூட்டிடலாம்."

அக்கா அன்றைக்கு வைத்த குழம்பில் உப்பு இல்லை. அவள் குழம்பில் உப்பு இல்லையென்றால் என்ன அர்த்தமென்று உங்களுக்குத் தெரியாதா?

உடனே பாலக்கரையிலிருந்து பிளம்பர் நாசரை வரவழைத்தேன். கரிகாலன் கல்லணை கட்டியபோதுகூட என்னளவு அதட்டியிருக்க மாட்டான். நாசர்தான் கடைசியில், "சார், நீங்க கொஞ்சம் வெளிய வந்தா நான் உள்ள போவேன்" என்றார்.

வாஷ்பேசின் வெளியே நடைக்கு வந்தது. தரைக்கு வாட்டம் வந்தது. குனிய வேண்டாமென்று வாளிக் குழாய் இடுப்பளவுக்கு ஏறியது. பிடித்துக்கொண்டு எழுந்திருக்கச் சுவரில் ஒரு கைப்பிடி வந்தது. புதுக் கோப்பையை வைக்கும்போதுதான் நான் குறுக்கே விழுந்தேன். "அத்தான் வச்ச கோணத்துலதான் வைக்கணும். கோபுரம் இருக்கு."

அக்கா உள்ளே வந்தாள். சிமென்ட் தூசிக்கு நடுவே, இன்னும் தரையில் பொருத்தாத அந்தக் கோப்பையில், கட்டின புடவையோடு உட்கார்ந்தாள். கையை இரண்டு பக்கமும் நீட்டினாள். சுவர் எட்டவில்லை.

"ஏண்டா, பெருமாள் படுத்தே இருக்காரு. எழுந்திரிக்கிற கஷ்டம் அவருக்கு என்ன தெரியும்? திருப்பி வைங்க நாசர்."

"எந்தப் பக்கம்மா?"

"கைப்பிடி எட்டுற பக்கம்."

அது மேற்காகப் போய்விட்டது. அம்மாவும் இப்போது மேலே உங்களோடுதானே இருக்கிறாள்? பக்குவமாகச் சொல்லி வையுங்கள்.

போன வாரம் கவிதா காலிப் பெட்டியோடு வந்தாள், அம்மாவின் துணிமணியை அடுக்க. அக்கா துண்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கதவு மூடியது. தாழ்ப்பாள் விழுந்தது. கவிதா பதறி, "அம்மா" என்றாள்.

"யாரும் வெளிய நிக்க வேணாம். போய் காபி போடு."

அன்றைக்குக் காபியில் சர்க்கரை போட மறந்தது உங்கள் மகள். பெட்டி வந்த மாதிரியே காலியாகத் திரும்பியது. அத்தான், அந்தத் தாழ்ப்பாள் சத்தம் உங்களுக்குக் கேட்டதா?

கைப்பிடி ஆடாமல், தரையில் தண்ணீர் தேங்காமல் நான் பார்த்துக்கொள்கிறேன். அக்கா இந்த வீட்டிலேயே இருப்பாள். இது என் வாக்கு.

மதகு, சமயபுரம், கரிகாலன் எல்லாம் வழக்கம்போல நான் அளந்தது. தாழ்ப்பாள் விழுந்த அந்தச் சின்ன இடம் மட்டும் நிஜம்.

உங்கள் மாமியாருக்குப் பிறந்த ஒரே புளுகன்,
உங்கள் மச்சினன்